அத்தான் எழுதாத பரீட்சை

என் அக்காவின் கணவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். சொந்த ஊர் யாழ்ப்பாணம் என்றாலும், அவருடைய அப்பா இலங்கையின் தென்கோடியில் காலியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸைச் சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் சிங்களப் பிள்ளைகள். அவர்களோடு பந்து விளையாடி, மாங்காய் திருடி, சேர்ந்தே அடி வாங்கி வளர்ந்தவர் அத்தான். சிங்களப் பேப்பர் படிப்பார், சிங்களத்தில் கணக்குப் போடுவார். தூக்கத்தில் உளறுவதுகூட அந்தப் பாஷையில்தான் என்று அக்கா சொல்வாள். அப்பேர்ப்பட்ட மனிதர், அரசாங்கம் வைத்த சிங்களப் பரீட்சையை எழுத மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, பார்த்துக்கொண்டிருந்த சர்க்கார் உத்தியோகத்தைத் தொலைத்தார்.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் கோபம் என்று கேட்டால் ஓர் ஆளை மட்டும் சுட்டிக்காட்ட வரவில்லை. அத்தான் மேலும் கோபம், அவரை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் மேலும் கோபம், எங்கள் ஊரில் உட்கார்ந்து நியாயம் பேசியவர்கள் மேல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கோபம்.

அப்போதெல்லாம் யாழ்ப்பாணத்துப் பையன்கள் பி.ஏ. படிக்கத் திருச்சிக்கு வருவது சாதாரணம். அத்தான் பாலக்கரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்து படித்தவர். அப்பாவுக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப் ஆபீஸில் குமாஸ்தா வேலை. ரயில்வேக்காரர் பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக அறை கொடுத்தார், சாப்பாடும் போட்டார். படிப்பு முடிந்து ஊருக்குப் போய், கொழும்பில் சர்க்கார் வேலை கிடைத்ததும், அவருடைய அப்பா அம்மா தட்டோடு வந்து அக்காவைக் கேட்டார்கள். கடல் தாண்டிப் பெண் கொடுப்பதா என்று அம்மா அழுதாள்.

"எதுக்கு அழுவுற? இன்னிக்குக் காலையில திருச்சியில ஏறினா நாளைக்குக் காலையில கொழும்பு. டிக்கெட்டே இங்கேர்ந்து நேரா குடுக்கிறாங்க. நடுவுல ஒரு கப்பல், அவ்வளவுதான்" என்றார் அப்பா. டிக்கெட் நேராகக் கிடைக்கிற ஊர் அவருக்கு அயல்நாடு இல்லை.

கல்யாணம் ஐம்பத்து மூன்றில் நடந்தது. மறு வருஷம் பெண் குழந்தை. கொழும்பில் வெள்ளவத்தையில் வீடு. அக்கா வருஷத்துக்கு ஒரு முறை வந்து போவாள். வரும்போது அவள் பேச்சில் 'ஆமாம்' போய் 'ஓம்' கூடியிருக்கும், நாங்கள் கேலி செய்வோம்.

ஐம்பத்தாறில் அங்கே சிங்களம் ஒன்றுதான் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. தேர்தலில் அதைச் சொல்லித்தான் ஜெயித்தார்கள், ஜெயித்ததும் செய்தார்கள். பெரும்பான்மை அவர்களிடம் இருந்தது. கை தூக்கி எண்ணி முடித்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது. சர்க்கார் வேலையில் இருக்கும் தமிழர்கள் சிங்களப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், இல்லையென்றால் சம்பள உயர்வு கிடையாது, பிறகு வேலையே கிடையாது என்று ஆயிற்று.

அடுத்த வருஷம் லீவில் வந்திருந்தபோது அத்தான் இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அப்பா சிரித்துவிட்டார்.

"உங்களுக்கு என்ன மாப்பிள்ளை கவலை. மத்தவங்கதான் திண்டாடணும். நீங்க கண்ணை மூடிக்கிட்டு எழுதிட்டு வந்துடுவீங்க."

"நான் எழுதமாட்டன் மாமா."

"ஏன்?"

"எனக்குச் சிங்களம் தெரியாமல் இருந்திருந்தால் ஒருவேளை எழுதியிருப்பன். தெரியாதவன் படிச்சுப் பாஸ் பண்ணினால் அது படிப்பு. தெரிஞ்ச நான் போய் எழுதினால் அது கும்பிடு."

அப்பா எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாருக்கும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும், அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"கும்பிட்டா கை தேஞ்சா போயிடும்? ஆபீசுல பாதிப் பேர் ட்யூஷன் வெச்சு அழுது அழுது படிக்கிறாங்க. இவருக்கு எல்லாம் தெரியும், எழுத மாட்டாராம். கேட்டா தன்மானமாம். தன்மானத்தை உலையில போட்டா சோறாகுமா?"

அத்தான் ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவரோடு சண்டை போடுவதில் இருந்த பெரிய தொல்லை இதுதான். பதிலுக்குச் சத்தம் போட மாட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கூத்து. பஸ், கார் நம்பர் பலகைகளில் சிங்கள எழுத்தில் 'ஸ்ரீ' போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. யாழ்ப்பாணத்தில் அதைத் தார் பூசி அழித்துவிட்டுத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். பதிலுக்குக் கொழும்புப் பக்கம் தமிழ்க் கடைப் பலகைகளில் தார் பூசினார்கள். பிரதமரும் தமிழ்த் தலைவரும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பிக்குகள் போய்ப் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் போயிற்று. பேப்பரில் இதைப் படிக்கும்போதெல்லாம், வளர்ந்த ஆட்கள் எப்படி ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு இப்படித் தெருவில் நிற்கிறார்கள் என்று எனக்கு இருக்கும். நான் அப்போது பள்ளிக்கூட இறுதி வகுப்பை எட்டிக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தெட்டு மே மாதக் கடைசியில் கலவரம். ரயிலை நிறுத்தி அடித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள் என்று துண்டு துண்டாகச் செய்தி. அக்காவிடமிருந்து தகவல் இல்லை. அப்பா ஒவ்வொரு நாளும் தந்தி ஆபீஸுக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். தந்தி ஆபீஸில் இருந்தவர் கடைசியில், "நீங்க வீட்டுல இருங்க சார், வந்தா நானே எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டார். அப்பா அப்படியும் போனார்.

அவர்கள் வந்து சேர்ந்தது ஜூன் நடுவில். கொழும்பிலிருந்து தமிழர்களைக் கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே சில நாள் இருந்துவிட்டு, பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் வந்தார்கள். அத்தான் போட்டிருந்த சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. குழந்தை போட்டிருந்த கவுனும் அவளுடையது இல்லை. எல்லாம் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு முடிந்ததும் அக்கா அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னாள். தெருவில் கூட்டம் வருகிறது என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு அம்மாள் பின்பக்கச் சுவர் வழியாக அக்காவையும் குழந்தையையும் இழுத்துக்கொண்டு போய்ச் சாமான் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். கூட்டம் வந்து கேட்டபோது வாசலில் நின்று, இங்கே யாரும் இல்லை, வேண்டுமானால் என்னைத் தாண்டிப் போய்ப் பாருங்கள் என்று சத்தம் போட்டிருக்கிறாள். அவர்கள் போய்விட்டார்கள். அக்காவின் வீடு மட்டும் எரிந்தது.

"மறுநாள் காலையில எனக்குக் காப்பி குடுத்துட்டு அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றாள் அக்கா. "நடந்தது பெரிய பாவம், ஆனா சட்டம் சரிதான்னாங்க. எங்களுக்கு இந்தத் தீவை விட்டா வேற இடம் கிடையாது, எங்க பாஷைக்கும் கிடையாது, உங்களுக்குக் கடலைத் தாண்டினா ஒரு பெரிய நாடே இருக்குன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்றது? அத்தானுக்கு இங்க யாருமில்லை, அவர் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அந்த மண்ணுதான். ஆனா கேட்டது என்னை. எனக்குப் பாலக்கரையில வீடு இருக்கே. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு அந்த அம்மாளின்மேல் நன்றியும் வந்தது, எரிச்சலும் வந்தது. உயிரைப் பணயம் வைத்து அக்காவைக் காப்பாற்றுகிறவள், அக்காவின் உயிருக்கு ஆபத்து எங்கேயிருந்து வந்தது என்பதை மட்டும் யோசிக்க மாட்டேன் என்கிறாள். நாட்டில் எண்ணிக்கையில் பெரியவர்கள், ஆனால் மனதுக்குள் கடலுக்கு இந்தப் பக்கத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்துத் தங்களைச் சிறியவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு தரப்பும் தான்தான் சிறுபான்மை என்று பயந்தால் யார்தான் விட்டுக்கொடுப்பது?

வீட்டுக்கு விசாரிக்க வந்தவர்கள் கொடுமை தனி. பாலக்கரையில் பாதித் தெரு வந்தது. ஒருவர், தமிழனுக்கு ரோஷம் இல்லாததால்தான் இப்படி என்றார். இன்னொருவர், சம்பாதிக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்றார். கேட்க வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை, சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தான் பேச ஆரம்பித்தால் பாதியில், "என்ன சொல்றாரு?" என்று அப்பாவைப் பார்ப்பார்கள். அவருடைய யாழ்ப்பாணத் தமிழ் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

ஒரு நாள் சட்டைத் துணி எடுக்க அவரைப் பெரிய கடைவீதிக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் ரொம்ப மரியாதையாக, "சாருக்கு மலையாளமா?" என்று கேட்டார்.

"இல்லை, தமிழ்தான்" என்றார் அத்தான்.

"பரவாயில்லையே, நல்லாப் பேசுறீங்க. கொஞ்ச நாள்ல பழகிடும்" என்றார் கடைக்காரர்.

தமிழ் பேசியதற்காக வீட்டைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். நான் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அத்தான்தான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். "விடும். அவர் நல்ல மனுசன். விலையும் குறைச்சவர்" என்றார்.

எங்கள் வீடு சிறியது, மாடி அறையிலும் வேறு ஆள் குடியிருந்தார். அதனால் அப்பா அவர்களுக்கு ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு பகுதி பார்த்துக் கொடுத்தார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சர்க்கார் அதிகாரி, உத்தர வீதியில் சொந்த வீட்டில் இருந்தார். திருமண் துலங்க, தினமும் காவிரியில் ஸ்நானம் முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் இங்கே ஒரு முறை எட்டிப் பார்ப்பார். அவர் போட்ட ஒரே நிபந்தனை மீன் சமைக்கக் கூடாது என்பது. அத்தானுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்கரைக்கு வந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. வாடகையைக் குறைத்துக்கொண்டார், குழந்தைக்குத் தோசையும் பொங்கலும் பிரசாதமாகக் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் அவருக்குப் பேச ஆள் வேண்டும், அதுவும் எதிர்த்துப் பேசாத ஆள். அவருக்கு அந்த எழுத்துச் சண்டை தாங்க முடியாத வேடிக்கை.

"ஸ்ரீக்கா ஓய் அடிச்சுண்டா? எங்க ஊர் பேர்லயே ஸ்ரீ இருக்கு. லெட்டர் எழுதினா தலையில ஸ்ரீ போட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். தாயாரோட திருநாமம். அதை எந்த லிபியில எழுதினா என்ன, மஹாலக்ஷ்மி கோவிச்சுக்கப் போறாளா?"

அத்தான் சிரிப்பார். வீட்டுக்காரர் போன பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தேன். அப்பாவும் வந்திருந்தார். வீட்டுக்காரர் அன்றைக்கு ஜனநாயகத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நூறு பேர்ல எழுபது பேர் ஒண்ணு சொன்னா அதுதான் சட்டம். மிச்சம் முப்பது பேர் அனுசரிச்சுண்டு போகணும். லோகம் பூரா அப்படித்தான் நடக்கறது. இதுல கோவிச்சுண்டு என்ன பிரயோஜனம்?"

"ரோட்டிலை எந்தப் பக்கத்தாலை போறது எண்டு எழுபது பேர் சொல்லட்டும், நான் கேக்கிறன்" என்றார் அத்தான். "முப்பது பேர் எந்தப் பாஷையிலை சம்பளம் கேக்கிறது, எந்தப் பாஷையிலை பொலிசிட்டை முறையிடுறது எண்டும் அவங்களே சொன்னால் என்ன செய்யிறது? நாளைக்கு நாங்கள் நூறு தேர்தல் வைச்சாலும் முப்பது எழுபதாகாது."

"சரி ஓய், நியாயம் இருக்கட்டும். காரியத்தைப் பாரும். உமக்கு அந்த பாஷை தெரிஞ்சிருந்ததாலதானே அன்னிக்குத் தப்பிச்சீர்? உம்ம ஆத்துக்காரிதான் சொன்னா. அப்போ படிச்சு வெச்சுக்கறது நல்லதுதானே?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அது வரை அவர் எங்கள் யாரிடமும் அன்றைக்கு நடந்ததைச் சொன்னதில்லை.

"நான் எப்பிடித் தப்பினனான் எண்டு சொல்லவோ?" என்றார். "கந்தோர் வேலை முடிஞ்சு வீட்டுக்கு நடந்து வந்தனான். பஸ் இல்லை. சந்தியிலை கொஞ்சப் பேர் மறிச்சாங்கள். சிங்களப் பேப்பரை நீட்டி வாசி எண்டாங்கள். வாசிச்சன். காலியிலை வளந்த சிங்களம், சுத்தமா இருக்கும். ஒருத்தன் முதுகிலை தட்டினான். எனக்குப் பக்கத்திலை இன்னொருத்தன் நிண்டவன். ஓட்டலிலை சமையல், திருநெல்வேலிப் பக்கம். என்ரை ஆள்தான், விடுங்கோ எண்டு சிங்களத்திலை சொன்னன். அவன்ரை வாயாலை வாசிக்கட்டும் எண்டாங்கள். அவனுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருந்தான்."

அத்தான் குழந்தையை உள்ளே போகச் சொன்னார்.

"என்னைப் போ எண்டு தள்ளிவிட்டாங்கள். பிறகும் நிண்டன். திரும்ப வந்து தள்ளினாங்கள். நடந்தன். பின்னாலை சத்தம் கேட்டது."

வீட்டுக்காரர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "பெருமாளே" என்று மட்டும் சொன்னார், போய்விட்டார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்து, பாவம் அந்த மனுஷன் பேர் என்ன என்று கேட்டார். அத்தானுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்காரர் எழுந்து போன பிறகு அக்காதான் வெடித்தாள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது.

"ரோட்டுல கத்தியை வெச்சுக்கிட்டு வாசின்னா வாசிக்கிறீங்க. ஆபீசுல நாற்காலி போட்டு உக்கார வெச்சு எழுதுங்கன்னா எழுத மாட்டேங்கிறீங்க. இது என்ன நியாயம்?"

"ரெண்டும் ஒரே பரீட்சைதான். உமக்கு அது விளங்கேல்லை" என்றார் அத்தான். "ஒருக்காப் பாஸ் பண்ணினனான். அது போதும்."

அப்பா கெஞ்சிப் பார்த்தார். அந்த வேலை வேண்டாம், திருச்சியிலேயே இருந்துவிடுங்கள், தனியார் கம்பெனியில் எங்கேயாவது சொல்லிவைக்கிறேன் என்றார். அத்தான் அதற்கும் சம்மதிக்கவில்லை. "நான் இஞ்சை இருந்தால் அவங்கள் சொன்னது சரியெண்டு ஆயிடும் மாமா. கடலுக்கு அங்காலை எங்களுக்கு நாடு இருக்குதாம். அது என்ரை நாடு இல்லை. என்ரை நாடு அதுதான்." தனியார் வேலைக்குப் போக மாட்டேன், பரீட்சை எழுத மாட்டேன், திருச்சியில் இருக்க மாட்டேன் என்று எல்லாவற்றுக்கும் மாட்டேன் சொல்கிற ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐம்பத்தொன்பது தொடக்கத்தில் மூவரும் திரும்பிப் போனார்கள்.

அவர் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, நம் ஊர்க் கணக்கில் கலெக்டர் ஆபீஸுக்கு, மாற்றல் வாங்கிக்கொண்டார். அறுபத்தொன்றில் அந்தக் கச்சேரி வாசலிலேயே தமிழர்கள் மறியல் செய்தபோது, உள்ளே உட்கார வேண்டியவர் வெளியே வந்து உட்கார்ந்தார். பட்டாளம் வந்து எல்லோரையும் அப்புறப்படுத்தியது. பிறகு, பரீட்சை எழுதாததால் வேலையும் போனது.

அறுபத்து நாலில் என் கல்யாணத்துக்கு அவர்கள் வந்தபோதுதான் மீதிக் கதை தெரிந்தது. வேலை போன பிறகு அத்தான் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார் தெரியுமா? சிங்களம் சொல்லிக்கொடுத்தார். பரீட்சை பாஸ் பண்ண வேண்டிய தமிழ் குமாஸ்தாக்கள் அவரிடம் வந்து படித்தார்கள். வாசல் வழியாக வர வெட்கப்பட்டு, பின்பக்க வேலி வழியாக வருவார்களாம். தான் எழுத மாட்டேன் என்று வேலையை விட்ட அதே பரீட்சைக்கு மற்றவர்களைத் தயார் செய்து பாஸ் பண்ண வைத்தார்.

"இதுக்கு நீங்களே எழுதியிருக்கலாமே அத்தான்" என்றேன். கல்யாண வீட்டில் கேட்கிற கேள்வி இல்லைதான். வாய் சும்மா இருக்கவில்லை.

"அவங்களுக்குப் பிள்ளையள் இருக்கு" என்றார்.

"உங்களுக்கு இல்லையா?"

அக்கா கசப்பாகச் சிரித்தாள். "அதுலயும் மண் விழுந்தாச்சு. போன மாசம் வீட்டுக் கேட்டுல தார் பூசிட்டாங்க. துரோகின்னு எழுதி வெச்சிருந்தாங்க. சிங்களம் சொல்லிக்குடுக்கிறது துரோகமாம். எழுதினவன் யாருங்கிறே? தெருக்கோடி வீட்டுப் பையன். சத்தியாக்கிரகத்துல இவர் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். இவர் அடியும் வாங்கியாச்சு, வேலையும் விட்டாச்சு, அவனுக்கு இன்னும் பத்தலை."

அத்தான் வகுப்பை நிறுத்திவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராகச் சேர்ந்திருந்தார். அந்த வருஷக் கடைசியில் புயல் அடித்துத் தனுஷ்கோடியே போய்விட்டது. ரயிலும் கப்பலும் நின்றன. நேராக டிக்கெட் எடுக்கிற ஊர் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தது அதோடு முடிந்தது.

அடுத்த மாதமே இங்கே இந்தி எதிர்ப்பு. நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தெப்பக்குளம் பக்கமெல்லாம் மாணவர்கள் ஊர்வலம், கறுப்புக் கொடி, தடியடி. அதற்கு முந்தைய வருஷமே எங்கள் ஊரில் ஒருவர் தீக்குளித்துச் செத்திருந்தார். பஸ் நின்றுவிட்டதால் காவிரிப் பாலத்தை நடந்தே கடந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அம்மாமண்டபம் ரோட்டில் அந்த வீட்டுக்காரர் எதிரில் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பார்த்தியாம்மா அநியாயத்தை. வடக்கே ஜாஸ்தி பேர் இருக்கான்னா அவா பாஷையை நம்ம தலையில கட்டிடறதா? நாமெல்லாம் ரெண்டாந்தரப் பிரஜையா? என் பேரன் பரீட்சை எழுதணும்னா அந்த பாஷையிலதான் எழுதணுமாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எழுபது பேர் சொன்னா முப்பது பேர் அனுசரிச்சுப் போகணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றேன்.

"அது வேற, இது வேற" என்றார்.

"எப்படி வேற?"

"அது அவா தேசத்து சமாசாரம். இது நம்ம பாஷை."

மனதார, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார். சாயங்காலம் பாலக்கரை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னால், அப்பாவும் ஆர்வமாக, "இதுல அவர் சொல்றது சரிதானே" என்கிறார். கொழும்பில் பக்கத்து வீட்டு அம்மாளும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. எல்லோருக்கும் தன் வலி நியாயம், அடுத்தவன் வலி பிடிவாதம். இங்கே டில்லி இறங்கிவந்தது, இங்கிலீஷும் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள், மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். பெரும்பான்மை ஒரு முறை வாயை மூடிக்கொண்டு பின்வாங்கியதால் எங்கள் ஊர் பிழைத்தது. இது அவ்வளவு பெரிய ரகசியமா? கடலுக்கு அந்தப் பக்கம் அதே வருஷம் இன்னோர் ஒப்பந்தம் போட்டு, அதையும் நிறைவேற்றாமல் விட்டார்கள்.

அறுபத்தொன்பதில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அவர்கள் மூவரும் வந்தார்கள். அக்கா பெண்ணுக்குப் பதினைந்து வயது. அத்தானைப் போலவே சத்தம் போடாமல் பேசும் பெண். ஒரு நாள் அவளிடம், "உனக்குச் சிங்களம் எவ்வளவு வரும்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் வராது சித்தி."

"வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறாரே."

"ஏன் படிக்கவேணும்? அவங்கட பிள்ளையள் தமிழ் படிக்கினமோ?"

அத்தான் அங்கேதான் இருந்தார். திருத்துவார், கண்டிப்பார் என்று பார்த்தேன். பேப்பரை மடித்தார், விரித்தார். "நான் சொன்னால் கேக்கமாட்டாள்" என்றார். "பொடியங்கள் இப்ப வேறை மாதிரிக் கதைக்கிறாங்கள். கச்சேரி வாசலிலை உட்கார்ந்திருந்து என்ன கண்டியள் எண்டு கேக்கிறாங்கள். எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை."

அவர் மாங்காய் திருடியது சிங்களப் பிள்ளைகளோடு. அவர் பெண்ணுக்கு ஒரு சிங்களப் பெண்ணையும் தெரியாது. சிங்களம் பேசுகிறவர்கள் என்று விவரம் தெரிந்த பிறகு அவள் கண்டதெல்லாம் பட்டாளத்துக்காரர்களைத்தான். பதினைந்து வருஷத்துக்குள் இது நடந்துவிட்டது. பின்னால் அங்கே போர் வந்தபோது, இது எப்படி வந்தது என்று எங்கள் ஊரில் ஆச்சரியப்பட்டுக் கேட்டவர்களைக் கண்டால் எனக்கு வாயைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. வேறு எது வரும் என்று எதிர்பார்த்தார்கள்?

அந்தத் தடவை அவர்கள் கொஞ்ச நாள் அதிகம் தங்க வேண்டியிருந்ததால் போலீஸில் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு கணவர் வழியில் இலங்கைப் பிரஜை ஆகியிருந்தாள். நான் துணைக்குப் போனேன். ஏட்டு நல்ல மாதிரி மனிதர், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"பொறந்த ஊர் சொல்லுங்கம்மா."

"பாலக்கரை."

"அது இலங்கையில எங்க இருக்கு?"

"இங்க இருக்கிற பாலக்கரைதாங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப எதுக்கும்மா வெளிநாட்டுக்காரங்க கூட வந்து நிக்கிறீங்க?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றாள் அக்கா.

அவர் பேனாவைத் திரும்ப எடுத்தார். எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டார். அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். வெளியே வேப்பமரத்தடியில் அத்தான் மகளுக்கு நிலக்கடலை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இங்கேயே இருக்கேன்னு சொல்லு. குழந்தை படிக்கட்டும். நான் பார்த்துக்கிறேன்" என்று நான் அவள் காதில் சொன்னேன்.

"அவரு வரமாட்டாருடி" என்றாள். பிறகு ஏட்டிடம் திரும்பி, "அப்பாவுக்குக் கொஞ்சம் தேவலைன்னதும் போயிடுவோங்க" என்றாள்.

அப்பாவுக்குத் தேவலையாயிற்று. அடுத்த மாதம் அவர்கள் போனார்கள். விமான நிலையத்தில் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அத்தான் வந்து, "கோவமோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.